கிட்டில் இருப்பதும் பேக்கேஜில் வருவதும் ஒன்றுதானா?

டெபியன் லினக்ஸ் ஓடும் கணினியில் ஒரு மென்பொருளின் மூலநிரலைப் பார்க்க இரண்டு வழிகள் இருக்கின்றன. 'ஆப்ட் சோர்ஸ்' என்று கட்டளை கொடுத்து டெபியனின் சேமிப்பிலிருந்து சோர்ஸ் பேக்கேஜை, அதாவது மூலநிரல் தொகுப்பை, இறக்கலாம். இல்லையென்றால் நிரலை அதன் மாற்ற வரலாற்றோடு காக்கும் கிட் என்ற கருவியில் அந்த மென்பொருளுக்கு உள்ள களஞ்சியத்தைக் குளோன் செய்யலாம், அதாவது நகலெடுக்கலாம். இரண்டிலும் ஒரே பதிப்பு எண்ணை எடுத்துக் கோப்பு கோப்பாக ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலான சமயம் இரண்டும் ஒத்துப்போகாது.

பேக்கேஜில் 'கன்ஃபிகர்' என்று ஒரு மாபெரும் ஸ்கிரிப்ட் இருக்கும். கிட்டில் அது இருக்காது. கிட்டில் இருக்கும் சில சோதனைக் கோப்புகள் பேக்கேஜில் காணாமல் போயிருக்கும். வேறு சில கோப்புகளில் பதிப்பு எண்ணும் தேதியும் மட்டும் மாறியிருக்கும். இவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் நியாயமான காரணம் உண்டு, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் நூறு நியாயமான வித்தியாசங்களுக்கு நடுவே ஒரே ஒரு விஷ வித்தியாசம் ஒளிந்திருந்தால் அதை யார் கண்டுபிடிப்பது? ஒத்துப்போகாமல் இருப்பதே சகஜம் என்று ஆகிவிட்ட இடத்தில் யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கருவிக்குள் ஒரு பின்கதவு, அதாவது ரகசிய நுழைவழி, இருப்பது தெரியவந்து லினக்ஸ் உலகம் மயிரிழையில் தப்பியதே, அந்த விவகாரத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு சோர்ஸ் பேக்கேஜ் எந்த கமிட்டிலிருந்து (கிட்டில் பதிவான எந்த மாற்றத்திலிருந்து) வந்தது என்ற கேள்விக்கு ஓர் இயந்திரத்தால் பதில் சொல்ல முடிய வேண்டும், அந்தப் பதிலை யார் வேண்டுமானாலும் சரிபார்க்க முடிய வேண்டும் என்பதுதான் என் கட்சி. இவ்வளவு சாதாரணமான ஒரு விஷயம் ஏன் இத்தனை ஆண்டுகளாக நடக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

டார்பால்தான் மூலம் என்றிருந்த காலம்

டெபியன் 1993இல் தொடங்கியது. கிட் 2005இல்தான் வந்தது. நடுவே இருந்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான் லினக்ஸ் வினியோகங்களின் (டெபியன் போல லினக்ஸையும் மென்பொருள்களையும் தொகுத்துத் தருபவை) பழக்கவழக்கங்கள் எல்லாம் உறுதிப்பட்டன. அன்றைக்கு ஒரு மென்பொருளை எழுதுபவர், வேலை முடிந்ததும் கோப்புகளை எல்லாம் ஒரு டார்பாலாக, அதாவது ஒரே சுருக்கப்பட்ட கோப்பாகக் கட்டி எஃப்டிபி சர்வரில் போடுவார். பொதுமக்கள் பார்க்கக்கூடிய களஞ்சியம் என்று பல மென்பொருள்களுக்கு எதுவுமே கிடையாது. அவர் சிவிஎஸ் (கிட்டுக்கு முன்பு இதே வேலைக்கு இருந்த கருவி) வைத்திருந்தாலும் அது அவருடைய சொந்த ஏற்பாடு. வெளியுலகத்துக்கு டார்பால்தான் மூலநிரல்.

டெபியனின் சோர்ஸ் பேக்கேஜ் வடிவம் அந்த உலகத்துக்காக யோசித்துச் செய்யப்பட்டது. அப்ஸ்ட்ரீம், அதாவது மென்பொருளை எழுதியவர்கள், கொடுத்த டார்பாலை அப்படியே தொடாமல் வைத்துக்கொள். உன் மாற்றங்களைத் தனியாக ஒரு கோப்பில் வை. இரண்டின் செக்சம்களையும் (கோப்பு மாறினால் தாமும் மாறும் சரிபார்ப்பு எண்கள்) ஒரு சிறிய விவரக் கோப்பில் எழுதி, மின்கையெழுத்துக்கான உன் ஜிபிஜி சாவியால் கையெழுத்துப் போடு. பேக்கேஜை எடுப்பவருக்கு எது அப்ஸ்ட்ரீமுடையது, எது டெபியன் சேர்த்தது என்று பளிச்சென்று தெரியும். அந்தக் காலத்துக்கு இது மிக நேர்மையான வடிவம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம் உலகம் மாறியது. இன்று மென்பொருள் எழுதப்படுவதும், விவாதிக்கப்படுவதும், திருத்தப்படுவதும் கிட்டில். டார்பால் என்பது வெளியீட்டு நாளன்று கிட்டிலிருந்து பிழிந்து எடுக்கப்படும் ஒரு பொருள். ஜிபிஎல் உரிமம் மூலநிரலை வரையறுக்கும்போது, மாற்றங்கள் செய்வதற்கு எந்த வடிவம் விரும்பப்படுகிறதோ அதுவே மூலநிரல் என்கிறது. அந்த அளவுகோலில் இன்று மூலநிரல் கிட்டில்தான் இருக்கிறது. ஆனால் வினியோகங்களின் இயந்திரங்கள் பெரும்பாலும் இன்னும் டார்பாலையே மூலமாக நடத்துகின்றன.

இதனால் இரண்டு இடங்களில் தையல் விழுகிறது. அப்ஸ்ட்ரீமின் கிட்டுக்கும் அவர்கள் வெளியிடும் டார்பாலுக்கும் இடையே ஒன்று. டெபியன் பராமரிப்பாளரின் கிட்டுக்கும் அவர் டெபியன் சேமிப்புக்கு ஏற்றும் சோர்ஸ் பேக்கேஜுக்கும் இடையே இன்னொன்று. இரண்டின் பிரச்சினைகளும் வேறு வேறு.

முதல் தையல்: அப்ஸ்ட்ரீமும் டார்பாலும்

சி மொழியில் எழுதப்பட்ட பழைய மென்பொருள்கள் பலவும் ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக் என்ற கருவிகளை நம்பியிருக்கின்றன. எழுதுபவர் சில சிறிய கோப்புகளை எழுதுவார். அவற்றிலிருந்து 'கன்ஃபிகர்' என்ற ஷெல் ஸ்கிரிப்ட் பிறக்கும். பல்லாயிரம் வரிகள் நீளும் அதை மனிதர் யாரும் படிப்பதில்லை. பிறந்த கோப்பைக் கிட்டில் வைப்பது வழக்கமில்லை. ஆனால் 'மேக் டிஸ்ட்' கட்டளை அதை டார்பாலுக்குள் வைத்துவிடும். பயனரின் கணினியில் ஆட்டோகான்ஃப் இல்லாவிட்டாலும் கம்பைல் செய்ய, அதாவது மூலநிரலை இயங்கும் பைனரியாக மாற்ற, முடிய வேண்டும் என்ற நல்லெண்ணம்தான் காரணம். ஆக, ஆட்டோகான்ஃப் பயன்படுத்தும் எந்தத் திட்டத்திலும் டார்பாலும் கிட்டும் வேறுபட்டே இருக்கும். வேறுபடாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற சுருக்கும் கருவியில் நுழைந்தவர் இந்தப் பழக்கத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டார். ஜியா டான் என்ற பெயரில் 2021 முதல் பொறுமையாகப் பேட்ச்கள், அதாவது நிரல் திருத்தங்கள், அனுப்பி, திட்டத்தை நீண்ட காலம் தனியாளாகச் சுமந்துகொண்டிருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, கடைசியில் வெளியீடுகளைத் தானே செய்யும் நிலைக்கு வந்துவிட்டார். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒருவரா, ஒரு கூட்டமா என்பது இதுவரை வெளிவரவில்லை. 2024 பிப்ரவரியில் 5.6.0 வந்தது, மார்ச்சில் 5.6.1.

பின்கதவின் பெரும்பகுதி கிட்டில்தான் இருந்தது. சுருக்கப்பட்ட கோப்புகளைக் கருவி எப்படிக் கையாளுகிறது என்று சோதிக்கும் மாதிரிகள் என்ற பெயரில் இரண்டு பைனரி கோப்புகள். சுருக்கும் கருவியின் சோதனைத் தொகுப்பில் அப்படிக் கோப்புகள் இருப்பது இயல்பு, யாருக்கும் உறுத்தவில்லை. ஆனால் அந்தக் கோப்புகள் தாமாக எதுவும் செய்யாது. அவற்றைப் பிரித்து, உள்ளே இருப்பதை எடுத்து, கம்பைல் ஆகும் நூலகத்தில் கோக்க ஒரு தூண்டுவிசை வேண்டும். அந்தத் தூண்டுவிசை, கன்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்க உதவும் 'பில்ட்-டு-ஹோஸ்ட்' என்ற எம்4 மேக்ரோ கோப்புக்குள் இருந்தது. அந்தக் கோப்பு கிட்டில் இல்லை. வெளியீட்டு டார்பாலில் மட்டும் இருந்தது.

இந்த இடம் மிகவும் கவனிக்க வேண்டியது. கிட் களஞ்சியங்களை வைக்கும் தளமான கிட்ஹப்பில் அதே வெளியீட்டுப் பக்கத்தில், கிட்ஹப் தானாகவே கட்டித்தரும் இன்னொரு டார்பாலும் இருந்தது. அதில் இந்தக் கோப்பு இல்லை. அதாவது நஞ்சிருந்த பிரதியும் நஞ்சு விழித்துக்கொள்ள வழியில்லாத பிரதியும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே பதிப்பு எண்ணோடு, எல்லோர் கண்ணெதிரிலும் கிடந்தன. இரண்டையும் ஒப்பிட்டிருந்தாலும் சந்தேகம் வந்திருக்குமா என்றால், அதுவும் நிச்சயமில்லை. ஏனென்றால் 'பில்ட்-டு-ஹோஸ்ட்' என்பது குனு திட்டத்தில் உண்மையாகவே உள்ள ஒரு கோப்பின் பெயர். டார்பாலில் அப்படி ஒன்று கூடுதலாக இருப்பது வழக்கம்தான். உள்ளே சில வரிகள் மாற்றப்பட்டிருந்தன, அவ்வளவே.

டெபியன் உள்ளிட்ட வினியோகங்கள் அந்த டார்பாலை எடுத்துக்கொண்டன. டெபியனில் கன்ஃபிகர் ஸ்கிரிப்டைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளும் வழக்கம் பல ஆண்டுகளாகவே இருக்கிறது. அது காப்பாற்றவில்லை. புதிதாக உருவாக்கும்போதும் டார்பாலில் இருந்த எம்4 கோப்பையே எடுத்துக்கொண்டது. ரீப்ரொடியூசிபிள் பில்ட்ஸ் முயற்சியும் இங்கே உதவியிருக்காது. டெபியனில் 2013 முதல் நடக்கும் அந்த அருமையான வேலை, ஒரே சோர்ஸ் பேக்கேஜை யார் கம்பைல் செய்தாலும் பிட் மாறாமல் அதே பைனரி வருகிறதா என்று பார்க்கிறது. சோர்ஸ் பேக்கேஜுக்குள்ளேயே நஞ்சு இருந்தால், பிட் மாறாமல் அதே நஞ்சுதான் வரும்.

நல்லவேளையாக, போஸ்ட்கிரெஸ் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் தன் டெபியன் அன்ஸ்டேபிள் (புதியவை முதலில் வந்துசேரும் பதிப்பு) கணினியில், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் உள்நுழைவு சுமார் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவ ஆரம்பித்தார். மார்ச் 29, 2024 அன்று உலகுக்கு அறிவித்தார். டெபியனின் ஸ்டேபிள் வெளியீட்டுக்கு அது இன்னும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. ஆர்ச் லினக்ஸ் உடனடியாக டார்பாலைக் கைவிட்டு, கிட் டேக்கிலிருந்து (ஒரு பதிப்பைக் குறிக்கக் கிட்டில் வைக்கும் அடையாளம்) நேரடியாகக் கட்டிய பேக்கேஜை வெளியிட்டது.

கிட்டிலிருந்து கட்டியிருந்தால் இந்தத் தாக்குதல் நடந்தே இருக்காது என்று சொல்வது மிகை. தாக்கியவருக்குக் கிட்டில் எழுதும் உரிமையும் இருந்தது. எம்4 கோப்பை அங்கேயே வைத்திருக்கலாம். ஆனால் அவர் வைக்கவில்லை. கிட்டில் ஒரு கமிட் போனால் அது வித்தியாசமாகக் காட்டப்படும், யாராவது படிக்கக்கூடும், பின்னால் போய்த் தேதியோடு பார்க்க முடியும். டார்பாலை யாரும் படிப்பதில்லை. இவ்வளவு பொறுமையும் திறமையும் உள்ள ஒரு எதிராளி, தான் ஒளிய வேண்டிய இடமாக டார்பாலைத் தேர்ந்தெடுத்தார் என்பதே அந்தத் தையல் எவ்வளவு பலவீனமானது என்பதற்குச் சாட்சி.

இது முதல்முறையும் இல்லை. வெப்மின் என்ற சர்வர் நிர்வாகக் கருவியின் வெளியீட்டுப் பேக்கேஜ்களில் ஓர் ஆண்டுக்கும் மேலாக ஒரு பின்கதவு இருந்தது 2019 ஆகஸ்டில் வெளிப்பட்டது. கிட்ஹப்பில் இருந்த நிரல் சுத்தமாக இருந்தது. பேக்கேஜ் கட்டும் இயந்திரத்தில்தான் கைவைத்திருந்தார்கள். 2018இல் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் சேமிப்பான என்பிஎம் உலகை உலுக்கிய ஈவன்ட்-ஸ்ட்ரீம் விவகாரத்திலும், கெட்ட நிரல் என்பிஎம்மில் ஏற்றப்பட்ட பிரதியில் இருந்தது, கிட்ஹப்பில் இல்லை.

இதற்கு நேரெதிரான ஒரு சம்பவமும் உண்டு, அது பலருக்குத் தெரிவதில்லை. 2003 நவம்பர். லினக்ஸ் கெர்னலின் மூலநிரல் அப்போது பிட்கீப்பர் என்ற மென்பொருளில் இருந்தது. பிட்கீப்பரைப் பயன்படுத்த விரும்பாதவர்களுக்காக அதன் நகல் ஒன்று சிவிஎஸ் வடிவில் தானாக உருவாக்கப்பட்டு வந்தது. யாரோ அந்த சிவிஎஸ் சர்வருக்குள் நுழைந்து, நகலில் மட்டும் இரண்டு வரிகளைச் சேர்த்துவிட்டார்கள். பயனர் எண் பூஜ்யமா என்று சோதிப்பதுபோல் தோற்றமளிக்கும் வரி அது. ஆனால் இரண்டு சமக்குறிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. சி மொழியில் அதற்கு அர்த்தம் வேறு: சோதிக்காது, பயனர் எண்ணைப் பூஜ்யமாக்கிவிடும், அதாவது அழைத்தவர் ரூட், அந்தக் கணினியில் முழு அதிகாரம் உள்ளவர், ஆகிவிடுவார்.

அதைக் கண்டுபிடித்தது நிரலைப் படித்த ஒரு மேதை அல்ல. நகலை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கமான சோதனை. சிவிஎஸ்ஸில் ஒரு மாற்றம் இருக்கிறது, அதற்கு இணையான பிட்கீப்பர் பதிவு இல்லை. பிட்கீப்பரை உருவாக்கிய லாரி மக்வாய் விஷயத்தை வெளியே சொன்னார். சரி, ஏன் இது சுலபமாகப் பிடிபட்டது? சிவிஎஸ் பிரதியும் பிட்கீப்பரும் ஒத்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. விதி இருந்ததால் விலகல் என்பது செய்தியானது. டார்பால்களுக்கு அப்படி ஒரு விதி கிடையாது.

இரண்டாவது தையல்: டெபியனுக்குள்ளேயே

இங்கே தீய எண்ணத்தைவிடக் குழப்பமும் மறதியும்தான் அதிகம். ஆனால் பாதிப்பு சிறியது என்று நினைக்க வேண்டாம்.

டெபியனில் 30,000க்கும் மேற்பட்ட சோர்ஸ் பேக்கேஜ்கள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் பராமரிப்பாளர்கள் கிட்டில்தான் வேலை செய்கிறார்கள், பெரும்பாலும் சால்சா என்ற டெபியனின் கிட்லேப் தளத்தில். பெரும்பாலான பேக்கேஜ்களின் விவரக் கோப்பில் அவற்றின் கிட் முகவரி எழுதப்பட்டிருக்கும். ஆனால் அந்த முகவரி ஒரு தகவல்தான். சேமிப்பில் உள்ள பேக்கேஜுக்கும் அந்தக் களஞ்சியத்துக்கும் இடையே எந்தக் கட்டாய இணைப்பும் கிடையாது. சால்சாவுக்கு முன்பிருந்த ஆலியோத் 2018இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகும் பல பேக்கேஜ்கள் செத்துப்போன ஆலியோத் முகவரியையே காட்டிக்கொண்டிருந்தன.

விலகல் எப்படி நடக்கிறது என்பதற்கு ஓர் எளிய உதாரணம். ஒரு பேக்கேஜில் பாதுகாப்புக் குறை வெளிப்படுகிறது. பராமரிப்பாளர் ஊரில் இல்லை. டெபியன் விதிகளின்படி வேறொரு டெவலப்பர் உதவிக்கு வரலாம். அவர் சேமிப்பிலிருந்து சோர்ஸ் பேக்கேஜை இறக்கி, ஒரு பேட்ச் சேர்த்து, பதிப்பு எண்ணை உயர்த்தி ஏற்றிவிடுகிறார். கிட் களஞ்சியத்தில் எழுத அவருக்கு உரிமை இல்லாமலிருக்கலாம். அங்கே என்ன முறை பின்பற்றப்படுகிறது என்றும் அவருக்குத் தெரியாது. சில மாதங்கள் கழித்துப் பராமரிப்பாளர் தன் கிட்டிலிருந்து அடுத்த பதிப்பைக் கட்டி ஏற்றுகிறார். நடுவில் வந்த பேட்ச் அவர் கிட்டில் இல்லை. சரிசெய்யப்பட்ட குறை, யாருக்கும் தெரியாமல் திரும்பி வந்துவிடும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. டெபியன் 2009இல் ஏற்றுக்கொண்ட '3.0 குவில்ட்' வடிவத்தில், டெபியன் செய்யும் மாற்றங்கள் தனித்தனிப் பேட்ச் கோப்புகளாக ஒரு கோப்புறையில் இருக்கும். சோர்ஸ் பேக்கேஜைப் பிரித்தால் பேட்ச்கள் நிரலில் ஏற்றப்பட்ட நிலையில் கிடைக்கும். ஆனால் மிகப் பரவலாக உள்ள கிட் முறையில், களஞ்சியத்தில் பேட்ச்கள் ஏற்றப்படாத நிரலும், பக்கத்திலேயே பேட்ச் கோப்புகளும் இருக்கும். பழகியவருக்கு இது வசதி. பழகாதவருக்குப் பெரிய பொறி. டெபியனின் கிட்டைக் குளோன் செய்து, உள்ளே போய் வழக்கம்போல 'மேக்' கொடுப்பவர், டெபியன் சேர்த்த பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவும் இல்லாத நிரலைக் கம்பைல் செய்துகொண்டிருப்பார். எந்த எச்சரிக்கையும் வராது. நிரலைப் படித்துத் தணிக்கை செய்பவரும் தவறான நிரலைப் படித்துக்கொண்டிருப்பார். கட்டற்ற மென்பொருளின் முதல் வாக்குறுதியே நீ ஓட்டுவதை நீ படிக்கலாம் என்பதுதான். அந்த வாக்குறுதியில் இப்படி ஓர் ஓட்டை இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இந்த விலகல்கள் டெபியனோடு நிற்பதும் இல்லை. உபுண்டுவும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடித்தளமாகக் கொண்டவை. மேலே வரலாறு அறுந்திருந்தால் கீழே உள்ளவர்கள் அதைத் தாமாகத் தைக்க வேண்டியிருக்கும்.

விலகலைக் கண்காணிக்கும் கருவி டெபியனில் உண்டு. விசிஎஸ்வாட்ச் என்ற சேவை எல்லாக் களஞ்சியங்களையும் சுற்றிவந்து, கிட்டில் உள்ள பதிப்பு சேமிப்பில் உள்ளதைவிடப் பழையதா, ஏற்றப்படாத கமிட்கள் நிற்கின்றனவா, முகவரியே செத்துவிட்டதா என்று பட்டியல் போடுகிறது. உதவியான வேலைதான். ஆனால் பதிப்பு எண்கள் ஒத்திருப்பதால் மட்டும் உள்ளடக்கம் ஒத்திருக்கிறது என்று ஆகிவிடாது.

ஒப்பிடுவதா, ஒன்றிலிருந்து ஒன்றை உருவாக்குவதா

இரண்டு பிரதிகளைத் தனித்தனியே வைத்துக்கொண்டு அவ்வப்போது ஒப்பிடுவது ஒரு வழி. ஒன்றை மட்டும் மூலமாக வைத்துக்கொண்டு மற்றதை இயந்திரத்தால் உருவாக்குவது இன்னொரு வழி. முதல் வழி ஒருபோதும் முழுதாக வேலை செய்யாது என்று நினைக்கிறேன். ஒப்பிடுவதை மனிதர்கள் மறந்துவிடுவார்கள், அல்லது வித்தியாசங்களுக்குப் பழகிவிடுவார்கள்.

டெபியனில் இரண்டாவது வழிக்கு அடித்தளம் போட்டவர் இயன் ஜாக்சன். டெபியனின் ஆதாரக் கருவியான டிபிகேஜியை 1990களில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர், 1998இல் டெபியனின் தலைவராகவும் இருந்தவர். டார்பால் யுகத்தின் வடிவத்தைச் செதுக்கியவரே, 2013இல் டிகிட் என்ற கருவியோடு வந்தார். டிகிட், டெபியன் சேமிப்பையே ஒரு கிட் ரிமோட்போல, அதாவது தொலைவிலுள்ள கிட் களஞ்சியம்போல, காட்டுகிறது. எந்தப் பேக்கேஜையும் அதன் மூலம் குளோன் செய்யலாம். கிடைப்பது சேமிப்பில் உள்ள அதே நிரல், பேட்ச்கள் ஏற்றப்பட்ட நிலையில். அந்தப் பராமரிப்பாளர் டிகிட் பயன்படுத்தாதவர் என்றால், சோர்ஸ் பேக்கேஜ்களிலிருந்தே ஒரு வரலாற்றைக் கட்டித் தரும்.

ஏற்றும்போதுதான் அதன் கண்டிப்பு தெரியும். சோர்ஸ் பேக்கேஜின் உள்ளடக்கத்தை உங்கள் கமிட்டோடு ஒப்பிடும். ஒத்துப்போகவில்லை என்றால் ஏற்ற மறுத்துவிடும். ஒத்துப்போனால் அந்த கமிட்டின் ஹாஷை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற எண்ணை, பேக்கேஜின் விவரக் கோப்பிலேயே எழுதிவிடும், களஞ்சியத்தையும் டிகிட் சர்வரில் பதித்துவிடும். நிலம் வாங்கும்போது கையிலுள்ள கிரயப் பத்திரத்தோடு நிற்காமல் மூலப் பத்திரத்தையும் கேட்டு வாங்குகிறோமே, அந்த ஹாஷ் அதற்குத்தான்.

அதன் அடுத்த கட்டம் டேக்-டு-அப்லோட். இயன் ஜாக்சனும் ஷான் விட்டனும் 2019இல் முன்வைத்தார்கள். இதில் பராமரிப்பாளர் சோர்ஸ் பேக்கேஜைக் கட்டவே வேண்டாம். தன் கிட்டில் கையெழுத்திட்ட ஒரு டேக் போட்டு சால்சாவுக்குத் தள்ளினால் போதும். ஒரு சேவை அந்த டேக்கை எடுத்து, கையெழுத்தைச் சரிபார்த்து, தனிமைப்படுத்தப்பட்ட சூழலில் சோர்ஸ் பேக்கேஜை உருவாக்கி, தன் சொந்தச் சாவியால் கையெழுத்திட்டுச் சேமிப்புக்கு அனுப்பும்.

இதற்கு டெபியனில் எழுந்த எதிர்ப்பு அற்பமானது அல்ல. சேமிப்பைக் காக்கும் எஃப்டிபி மாஸ்டர்கள் கேட்டது இதுதான்: இன்று சேமிப்பில் உள்ள ஒவ்வொரு சோர்ஸ் பேக்கேஜின் மீதும் ஒரு மனிதரின் கையெழுத்து இருக்கிறது, வேறு எந்தச் சேவையையும் நம்பாமல் அதைச் சரிபார்க்கலாம். புதிய முறையில் மனிதர் கையெழுத்திடுவது டேக்கில், பேக்கேஜில் இருப்பது ஒரு சர்வரின் கையெழுத்து. அந்தச் சர்வர் பிடிபட்டால்? மேலும் டேக் சுட்டுவது கிட்டின் எஸ்எச்ஏ-1 ஹாஷை. 2017 பிப்ரவரியில் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனமும் ஒரே எஸ்எச்ஏ-1 ஹாஷ் கொண்ட இரண்டு வெவ்வேறு கோப்புகளை உருவாக்கிக் காட்டிவிட்டன.

நியாயமான கேள்விகள். ஆனாலும் என் மனம் மறுபக்கம்தான் சாய்கிறது. அந்த மனிதர் எதன்மீது கையெழுத்திடுகிறார் என்று பார்க்க வேண்டும். அவர் படித்ததும் திருத்தியதும் சோதித்ததும் கிட்டில் உள்ள நிரலை. டார்பாலை அவருடைய லேப்டாப்பில் ஒரு கருவி கட்டியது, அதைத் திறந்துகூடப் பார்க்காமல் கையெழுத்திட்டார். அவர் லேப்டாப் கெட்டிருந்தால், கிட்டில் இல்லாத ஒன்று டார்பாலுக்குள் போய்விட்டாலும் அவருக்குத் தெரியாது. தான் படித்ததன் மீதே கையெழுத்திடுவது மேலான உறுதிமொழி. எஸ்எச்ஏ-1 விஷயத்திலும், 2017 தாக்குதல் வகையைக் கண்டறிந்து மறுக்கும் பாதுகாப்பு கிட்டில் அந்த ஆண்டே சேர்ந்துவிட்டது, எஸ்எச்ஏ-256க்கு மாறும் வேலையும் நடக்கிறது. நீண்ட வாதங்களுக்குப் பிறகு 2025இல் டேக்-டு-அப்லோட் டெபியனில் பயன்பாட்டுக்கு வந்தது. அது கட்டும் பேக்கேஜ்களில், எந்த டேக், யாருடைய கையெழுத்து என்ற விவரம் சேர்ந்தே வருகிறது.

ஃபெடோரா என்ற இன்னொரு வினியோகம் இந்த இரண்டாவது தையலை வெகுநாள் முன்பே ஒழித்துவிட்டது. 2010இல் கிட்டுக்கு மாறியபோதிலிருந்து, பேக்கேஜ் கட்டுவதற்கான ஸ்பெக் கோப்பும் பேட்ச்களும் ஃபெடோராவின் கிட்டில் இருக்கின்றன. கோஜி என்ற கட்டுமான அமைப்பு ஒரு குறிப்பிட்ட கமிட்டிலிருந்தே அதிகாரப்பூர்வ பேக்கேஜைக் கட்டும். பெரிய டார்பால்கள் தனியிடத்தில் இருக்கும், அவற்றின் செக்சம் கிட்டில் இருக்கும். ஆனால் அந்த டார்பால் அப்ஸ்ட்ரீமின் கிட்டோடு ஒத்துப்போகிறதா என்று செக்சம் சொல்லாது. எக்ஸ்இசட் டார்பால் ஃபெடோராவின் வளர்ச்சிப் பதிப்பான ராஹைடுக்குள்ளும் நுழைந்தது இதனால்தான்.

டார்பாலை முழுதாகக் கைவிட்டு, கிட்டிலிருந்தே எல்லாவற்றையும் எடுத்தால் என்ன? அதிலும் ஒரு முள் இருக்கிறது. டார்பால் என்பது பைட்களின் வரிசை. அதே கோப்புகளை வேறொரு ஜிஜிப் பதிப்பால் சுருக்கினால் பைட்கள் மாறும், செக்சமும் மாறும். 2023 ஜனவரி 30 அன்று கிட்ஹப், தான் தானாகக் கட்டித்தரும் டார்பால்களின் சுருக்கும் முறையைக் கிட்டின் புதிய பதிப்பை ஒட்டி மாற்றியது. உள்ளே இருந்த கோப்புகள் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் அவற்றின் செக்சம்களை எழுதிவைத்திருந்த உலகெங்குமுள்ள கட்டுமானங்கள் உடைந்தன. அன்றே கிட்ஹப் பழைய முறைக்குத் திரும்பியது. டெபியனில் ஜோயி ஹெஸ் 2007இல் எழுதிய பிரிஸ்டின்-டார் கருவி இந்தத் தலைவலிக்கான மருந்துதான். கிட்டில் உள்ள கோப்புகளிலிருந்து பழைய டார்பாலைப் பைட் மாறாமல் திரும்பக் கட்டத் தேவையான சிறு வித்தியாசத்தை மட்டும் சேமித்து வைக்கும். சரியான நெடுநாள் தீர்வு, சுருக்கப்பட்ட பைட்களுக்குப் பதிலாக உள்ளே உள்ள கோப்புகளின் ஹாஷைச் சரிபார்ப்பது. கோ மொழி 2019 முதல் அப்படித்தான் செய்கிறது. மாட்யூலை நேராகக் கிட்டிலிருந்து எடுத்து, உள்ளடக்கத்தின் ஹாஷை எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கிறது. தனியாகப் பேக்கேஜ் ஏற்றும் படியே அங்கே கிடையாது.

மற்ற மொழிகள் நடுவழியில் நிற்கின்றன. ரஸ்ட்டின் கார்கோ, கிட் கமிட்டின் ஹாஷைப் பேக்கேஜுக்குள் எழுதிவைக்கிறது, ஆனால் அது ஏற்றுபவரே சொல்லிக்கொள்வது. என்பிஎம் 2023இலும், பைத்தான் பேக்கேஜ்களின் சேமிப்பான பைபிஐ 2024இலும், பேக்கேஜ் எந்தக் களஞ்சியத்தின் எந்த கமிட்டிலிருந்து கட்டப்பட்டது என்பதற்குக் கட்டுமானச் சேவையே கையெழுத்திட்டுத் தரும் சான்றைக் கொண்டுவந்தன. இதுவும் முழு மருந்து அல்ல. 2024 டிசம்பரில் அல்ட்ராலிட்டிக்ஸ் என்ற பைத்தான் பேக்கேஜில் கிரிப்டோ சுரங்கம் தோண்டும் நிரல் நுழைந்தபோது, நிரல் கிட்டில் சுத்தமாகத்தான் இருந்தது, கட்டுமான ஓட்டத்துக்குள்தான் நஞ்சு புகுந்தது. ஆனால் சான்றுகள் இருந்ததால், எந்தப் படியில் புகுந்தது என்று புலனாய்வு செய்ய வழி இருந்தது.

ஒரு சிறிய திட்டத்தை நடத்துபவர் இதில் என்ன செய்யலாம் என்றால், செலவில்லாத வேலைகளே நிறைய இருக்கின்றன. வெளியீட்டு டார்பாலை, நீங்கள் தினமும் வேலை செய்யும் கோப்புறையிலிருந்து கட்டாதீர்கள். புதிதாகக் குளோன் செய்த பிரதியிலிருந்து கட்டுங்கள். டேக்கில் கையெழுத்திடுங்கள். உருவாக்கப்படும் கோப்புகளை டார்பாலில் சேர்க்கத்தான் வேண்டும் என்றால், எந்தக் கருவியின் எந்தப் பதிப்பால் உருவாக்கினீர்கள் என்று எழுதிவையுங்கள்; அந்தக் கட்டளையை ஓட்டினால் வேறொருவருக்கும் அதே டார்பால் வர வேண்டும். போஸ்ட்கிரெஸ் திட்டம் எக்ஸ்இசட் விவகாரத்துக்கு முன்பே இந்தத் திசையில் நகர ஆரம்பித்து, 2024இல் வெளிவந்த 17ஆம் பதிப்பில், உருவாக்கப்பட்ட கோப்புகளை டார்பாலிலிருந்து எடுத்துவிட்டது. வெளியீட்டு அறிவிப்பில் டார்பாலின் செக்சமுக்குப் பக்கத்திலேயே கமிட்டின் ஹாஷையும் போடுங்கள். பேக்கேஜ் செய்பவர் ஒருவர் உங்களிடம் வந்து, இந்தக் கோப்பு உங்கள் கிட்டில் இல்லையே, டார்பாலில் எப்படி வந்தது என்று கேட்டால், எரிச்சல்படாமல் உட்கார்ந்து தேடி முழுப் பதிலைக் கொடுங்கள்.